பாலைவனத்தில் இடிமழை: முன்னறிவிப்பு சொல்வதும் சொல்லாததும்

1997 ஆகஸ்ட் 12 ஆம் திகதி, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தின் வடபகுதியில், நவஹோ பழங்குடி மக்களுக்குரிய நிலத்திலுள்ள அன்ரிலோப் பள்ளத்தாக்கின் கீழ்ப்பகுதியைப் பார்வையிடச் சென்றிருந்த உல்லாசப் பயணிகள் 11 பேர் வெள்ளத்தில் அள்ளுண்டு உயிரிழந்தனர். மணற்பாறையை நீர் நெடுங்காலமாக அறுத்து உண்டாக்கிய ஒடுங்கிய பிளவு அது. சில இடங்களில் ஒருவர் பக்கவாட்டாகத் திரும்பியே நடக்க வேண்டும். அவர்கள் நின்றிருந்த இடத்தில் அன்று மழை என்று சொல்லத்தக்க எதுவும் பெய்யவில்லை. பல கிலோமீற்றர்களுக்கு அப்பால் மேட்டுப்புறத்தில் பெய்த இடிமழையின் நீர் வறண்டு கிடந்த ஓடைகளின் வழியே திரண்டு, அந்தப் பிளவினுள் சுவர்போல் எழுந்து வந்தது.

அப்பிரதேசத்தில் ஒவ்வொரு கோடையிலும் நாள் தவறாமல் வெளியிடப்படும் இடிமழை முன்னறிவிப்பு எதனைச் சொல்கிறது, எதனைச் சொல்ல இயலாதிருக்கிறது என்பதை விளங்கிக்கொள்வதற்கு இச்சம்பவத்தை விடப் பொருத்தமான தொடக்கம் இல்லை. முன்னறிவிப்பைப் பார்ப்பவர் தம் தலைக்கு மேல் மழை பெய்யுமா என்றே கேட்கிறார். உயிராபத்து வேறோரிடத்திலிருந்து வருகின்றது.

பாலைவனத்திற்கும் பருவமழைக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் வினவக்கூடும். மொன்சூன் என்ற ஆங்கிலச் சொல், பருவம் எனப் பொருள்படும் 'மவ்சிம்' என்ற அறபுச் சொல்லிலிருந்து பிறந்தது. இந்து சமுத்திரத்தில் மரக்கலம் செலுத்திய அறபு மாலுமிகள், ஆண்டின் ஒரு பகுதியில் ஒரு திசையிலும் மறு பகுதியில் எதிர்த்திசையிலும் வீசும் காற்றைக் கணித்தே பயணம் புறப்பட்டனர். ஆகவே பருவப்பெயர்ச்சியின் இலக்கணம் மழையன்று. காற்றுத் திசை மாறுவதேயாகும். இந்த இலக்கணத்தின்படி வட அமெரிக்காவின் தென்மேற்கிலும் ஒரு பருவப்பெயர்ச்சி உண்டு. எமது பிராந்தியத்துப் பருவப்பெயர்ச்சியோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறியது. எனினும் வழிமுறை ஒன்றே.

மே, ஜூன் மாதங்களில் சொனோரா பாலைவனத்தின் மீது மேற்கிலிருந்து வறண்ட காற்று வீசுகிறது. வெப்பநிலை 40 பாகை செல்சியசைத் தாண்டுகிறது. சுட்டெரிக்கும் தரையின் மேல் தாழமுக்கம் ஒன்று உருவாகிறது. அதே வேளையில் வளிமண்டலத்தின் மேற்பகுதியில், மெக்சிகோவின் மேல் நிலைகொண்டிருந்த உயரமுக்கம் மெல்ல வடக்கே நகர்ந்து, அரிசோனா, நியூ மெக்சிகோ, கொலராடோ, யூட்டா ஆகிய நான்கு மாநிலங்கள் சந்திக்கும் பகுதியை அண்டி நிலைகொள்கிறது. உயரமுக்கத்தைச் சுற்றி வடகோளத்தில் காற்று வலஞ்சுழியாக வீசும். ஆதலால் அதன் தென்புறத்தில் அதுவரை இல்லாத கிழக்கு, தென்கிழக்குக் காற்று வந்து சேருகிறது. மெக்சிகோ வளைகுடாவின் ஈரம் வளிமண்டலத்தின் நடுமட்டத்திலும், கலிபோர்னியா வளைகுடாவினதும் பசிபிக் சமுத்திரத்தினதும் ஈரம் தாழ்ந்த மட்டத்திலும் பாலைவனத்தை எட்டுகின்றன. கோடையில் கலிபோர்னியா வளைகுடாவின் மேற்பரப்பு நீர் 30 பாகை வரை சூடேறுகிறது. அதன் தென்முனையில் பெரும் இடிமழைத் தொகுதியொன்று எழுமானால், ஈரவளி அந்த ஒடுங்கிய கடல்வழியே வடக்கு நோக்கித் தள்ளப்பட்டு ஓரிரு நாட்களில் அரிசோனாவினுள் புகுந்துவிடும்.

இந்த மழையின் இதயப்பகுதி அமெரிக்காவில் இல்லை என்பதை இங்கு குறிப்பிட வேண்டும். மெக்சிகோவின் மேற்கு சியரா மாத்ரே மலைத்தொடரே அதன் உறைவிடம். சொனோரா, சினலோவா மாநிலங்களின் பயிர்களும் மேய்ச்சல் நிலங்களும் இதனையே நம்பியுள்ளன. அரிசோனாவும் நியூ மெக்சிகோவும் அதன் வட ஓரம் மட்டுமே. ஆங்கில ஊடகங்களை மட்டும் வாசிப்பவருக்கு இம்மழை எல்லை வேலிக்கு வடக்கே மட்டும் பெய்கிறதோ என்ற மயக்கம் ஏற்படலாம்.

ஓரத்தில் இருப்பதுதான் முன்னறிவிப்பாளரின் முதற் தொல்லை. மத்தியில் இருப்பவருக்கு மழை பெரும்பாலும் நிச்சயம். ஓரத்தில் இருப்பவருக்கு உயரமுக்கம் சில நூறு கிலோமீற்றர் இடம்மாறினாலே எல்லாம் மாறிவிடும். அரிசோனாவின் டூசன் நகரில் ஜூன் நடுப்பகுதி முதல் செப்டெம்பர் முடியும் வரை சராசரியாக 145 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. கொழும்பில் ஒக்டோபர் மாதமொன்றில் மட்டும் பெய்யும் மழை இதன் இருமடங்கிற்கும் அதிகம். ஆனால் டூசனின் முழு ஆண்டு மழையில் பாதிக்கும் மேற்பட்டது இதுவே. சராசரி என்ற சொல்லும் இங்கே ஏமாற்றுவது. 2020 ஆம் ஆண்டின் பருவத்தில் அந்நகருக்குக் கிடைத்தது 41 மில்லிமீற்றர். அடுத்த ஆண்டில் 325 மில்லிமீற்றர். பீனிக்ஸ் நகரின் பருவகாலச் சராசரி 62 மில்லிமீற்றர். 2023 இல் அங்கு பதிவானது 4 மில்லிமீற்றருக்கும் குறைவு.

பருவம் எப்போது தொடங்குகிறது என்பதிலேயே நீண்ட காலம் ஒரு சிக்கல் இருந்தது. பீனிக்ஸில் நாளாந்தச் சராசரிப் பனிபடுநிலை 55 பாகை பரனைட், அதாவது ஏறத்தாழ 13 பாகை செல்சியஸ், அல்லது அதற்கு மேல் தொடர்ந்து மூன்று நாட்கள் இருந்தால் பருவம் பிறந்துவிட்டதாகக் கொள்ளப்பட்டது. பெரும்பாலும் ஜூலை முதல் வாரத்தில் அது நிகழும். விஞ்ஞான ரீதியில் இது நேர்த்தியான அளவுகோல்தான். ஆனால் மக்கள், இன்று பருவம் தொடங்கிவிட்டதா இல்லையா என்ற கணக்கில் மூழ்கி, மின்னலையும் வெள்ளத்தையும் மறந்தனர். 2008 ஆம் ஆண்டு தொடக்கம் அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவை ஜூன் 15 முதல் செப்டெம்பர் 30 வரை எனத் திகதி குறித்துவிட்டது. கல்விமான்கள் சிலருக்கு இது உவப்பாக இருக்கவில்லை. எமது அபிப்பிராயத்தில் இது சரியான முடிவே. ஆயத்த நிலைக்கு வேண்டியது நினைவில் நிற்கும் ஒரு திகதி, பனிபடுநிலை அன்று.

இனி ஒரு நாளின் முன்னறிவிப்பு எவ்வாறு உருவாகிறது என்பதைப் பார்ப்போம். சூரியன் உதிக்கும் முன்னரே டூசனிலும் பிளாக்ஸ்ராவ் நகருக்கு அண்மையிலும் வாயு நிரப்பிய பலூன்கள் பறக்கவிடப்படுகின்றன. ஒவ்வொன்றிலும் தொங்கும் சிறு கருவி, மேலே செல்லச் செல்ல வெப்பநிலை, ஈரப்பதன், அமுக்கம், காற்று ஆகியவற்றை வானொலி அலை மூலம் தரைக்கு அனுப்புகிறது. இந்தத் தரவுகளில் முன்னறிவிப்பாளர் முதலில் தேடுவது, தலைக்கு மேலுள்ள வளியின் நீராவி முழுவதும் ஒடுங்கி விழுந்தால் எத்தனை மில்லிமீற்றர் நீர் கிடைக்கும் என்பதை. அடுத்து, வளி மேலெழுவதைத் தடுக்கும் மூடிபோன்ற வெப்பமான படை ஏதும் உள்ளதா என்பதை. மூன்றாவதாக, ஐந்தாறு கிலோமீற்றர் உயரத்தில் காற்று எத்திசையில் வீசுகிறது என்பதை. இடிமேகத்தை நகர்த்திச் செல்வது அந்தக் காற்றே. அது கிழக்கிலிருந்து வீசினால் மலைகளில் பிறக்கும் மேகம் பள்ளத்து நகரங்களை நோக்கி வரும். மேற்கிலிருந்து வீசினால் மழை மலையோடு நின்றுவிடும்.

நண்பகலை அண்டி மலைமுகடுகளில் முதல் மேகங்கள் எழுகின்றன. சூடேறிய மலைச்சரிவு வளியை மேலே தள்ளுவதால் இடிமழை அங்கேயே முதலில் பிறக்கிறது. இதுவரை முன்னறிவிப்பு பெரும்பாலும் பொய்ப்பதில்லை. அதன் பின்னரே சிக்கல் ஆரம்பமாகிறது. மேகத்திலிருந்து இறங்கும் மழை கீழேயுள்ள வறண்ட வளியில் பாதியிலேயே ஆவியாகிறது. சில நாட்களில் ஒரு துளிகூடத் தரையைத் தொடாது. வானத்தில் திரைச்சீலை தொங்குவதுபோல் மழை தெரியும், அவ்வளவே. ஆவியாதல் வளியைக் குளிரச் செய்கிறது. குளிர்ந்து பாரமான வளி தரையில் மோதி நாலாபக்கமும் விரைகிறது. இவ்வாறு ஓடும் இரண்டு குளிர்வளி விளிம்புகள் எங்கே சந்திக்கின்றனவோ அங்கே புதிய இடிமேகம் பிறக்கும். அச்சந்திப்பு பீனிக்ஸின் கிழக்குப் புறநகரில் நிகழுமா, மேற்கில் நிகழுமா, நிகழாமலே போகுமா என்பதை அதிகாலையில் எவராலும் சொல்ல முடியாது. மூன்று கிலோமீற்றர் இடைவெளியில் கணிப்புச் செய்து மணிக்கு மணி புதுப்பிக்கப்படும் கணினி மாதிரிகள் இன்று உள்ளன. அரிசோனாப் பல்கலைக்கழகம் இன்னும் நுணுக்கமான மாதிரியொன்றை இயக்கி வருகிறது. அவை பிற்பகலின் போக்கைக் காட்டும், தெருவைக் காட்டா.

இந்த நிச்சயமின்மையையே முன்னறிவிப்பு நூற்றுவீதமாக வெளிப்படுத்துகிறது. "30 வீத வாய்ப்பு" என்றால் நகரின் 30 வீதப் பரப்பில் மழை பெய்யும் என்றோ, நாளின் 30 வீத நேரம் பெய்யும் என்றோ பலர் கருதுகின்றனர். உண்மையில் அதன் பொருள், அப்பகுதியின் எந்தவோர் இடத்திலும் அளவிடத்தக்க மழை, அதாவது கால் மில்லிமீற்றரேனும் பெய்வதற்கான வாய்ப்பு பத்தில் மூன்று என்பதாகும். இத்தகைய பத்து நாட்களில் உமது வீட்டு முற்றத்து மழைமானி மூன்று நாட்களில் நனையும். எந்த மூன்று என்பதையும், அந்த மூன்றில் தூறலா பெருவெள்ளமா என்பதையும் அந்த இலக்கம் கூறாது. மழை பெய்யாத ஏழு நாட்களில் "சொன்னது பிழைத்துவிட்டது" என்று சலிப்பவர், எட்டாவது நாளில் எச்சரிக்கையைப் பொருட்படுத்தாதிருப்பது இயல்பு. இங்கேதான் மொழியும் உயிரும் சந்திக்கின்றன.

வெள்ள அபாயத்துக்கென வெளியிடப்படும் தனியான தேசிய வரைபடம் இதற்கு இன்னுமோர் உதாரணம். அதில் இரண்டாம் படிநிலைக்குச் "சிறிதளவு" என்று பெயர். சாதாரண மனிதர் அதனைப் பயப்படத் தேவையில்லை என்றே வாசிப்பார். வல்லுநரின் அகராதியிலோ, ஓரிடத்தைச் சுற்றி 40 கிலோமீற்றருக்குள் திடீர் வெள்ளத்தை உண்டாக்கக்கூடிய மழை பெய்வதற்குக் குறைந்தது 15 வீத வாய்ப்பு என்று பொருள். அந்த 40 கிலோமீற்றர் என்பதை நாம் கவனிக்க வேண்டும். பள்ளத்தாக்கில் நிற்பவருக்கு உதவும் தகவல் அதுவே.

இடிமழையின் கொடுமை நீரால் மட்டும் வருவதன்று. 2013 ஜூன் 30 ஆம் திகதி அரிசோனாவின் யார்னெல் மலைப்பகுதியில் காட்டுத்தீயை எதிர்த்துப் போராடிய 19 தீயணைப்பு வீரர்கள் ஒரே வேளையில் மாண்டனர். இரு தினங்களுக்கு முன்னர் மின்னலால் மூண்ட தீ அது. அண்மையில் எழுந்த இடிமேகத்திலிருந்து பாய்ந்த குளிர்காற்று தீயின் போக்கைத் திருப்பி அவர்கள் பக்கம் செலுத்தியது. காற்று மாறும் என்பதை வானிலை அலுவலர்கள் அன்று பிற்பகலே தீயணைப்புப் பிரிவினருக்குத் தெரிவித்திருந்தனர். தகவல் இருந்தது. அதற்கும் அந்த மனிதர்கள் நின்ற இடத்துக்கும் இடையே இருந்த தூரம் கடக்கப்படவில்லை.

அதே குளிர்காற்று உழுத வயல்களின் மீதும் வெற்றுப் பாலைநிலத்தின் மீதும் பாயும்போது புழுதிச்சுவர் எழுகிறது. 2011 ஜூலை 5 ஆம் திகதி பீனிக்ஸை விழுங்கிய புழுதிச்சுவர் ஏறத்தாழ 160 கிலோமீற்றர் அகலமும் ஒன்றரைக் கிலோமீற்றருக்கு மேற்பட்ட உயரமும் கொண்டது. 2025 ஆகஸ்ட் 25 ஆம் திகதியும் அத்தகைய புயலொன்று அந்நகரின் விமானப் போக்குவரத்தை நிறுத்தியது. வானிலையாளர் இதனை 'ஹபூப்' என்பர். சூடானில் வழங்கும் அறபுச் சொல் அது. 1972 ஆம் ஆண்டிலேயே அமெரிக்க ஆய்வாளர்கள் தமது நாட்டுப் புழுதிப்புயலுக்கு அப்பெயரைச் சூட்டிவிட்டனர். ஆயினும் 2011 இல் அரிசோனாவாசிகள் சிலர், எங்கள் புழுதிக்கு ஏன் மத்திய கிழக்குப் பெயர் என்று பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதினர். தாங்கள் நாள்தோறும் உச்சரிக்கும் மொன்சூனும் அதே மொழியின் பிள்ளை என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

வெள்ளத்துக்கு மீள்வோம். பாலைவன மண் நீரை உடனே உறிஞ்சிவிடும் என்பது பொதுவான எண்ணம். கொளுத்தும் வெயிலில் இறுகிய மண்ணும், அதன் அடியிலுள்ள சுண்ணாம்புப் படையும், மலைச்சரிவின் வெறும் பாறையும் பெருமழையைத் தாங்குவதில்லை. ஒரு மணித்தியாலத்தில் கொட்டும் மழையில் பெரும்பகுதி ஓடைக்கே போய்ச் சேரும். அறபு நாடுகளில் 'வாதி' என்று அழைக்கப்படும் அதே வறண்ட ஓடைதான் இதுவும். ஆண்டின் பெரும்பகுதியில் அது வெறும் மணற்பாதை. தெருக்கள் பல அதனை ஊடறுத்தே செல்கின்றன. தடுப்பு வேலியைச் சுற்றிக்கொண்டு வெள்ளத்தினுள் வாகனத்தைச் செலுத்தி மாட்டிக்கொள்பவரே மீட்புச் செலவைச் செலுத்த வேண்டுமென 1995 இல் அரிசோனா சட்டமியற்றியது. மக்கள் வழக்கில் அது 'மூட ஓட்டுநர் சட்டம்'.

காடு எரிந்த மலைச்சரிவு இதனிலும் ஆபத்தானது. தீயின் பின் மண்ணின் மேற்பரப்பு நீரை ஏற்காமல் தள்ளும் தன்மை பெறுகிறது. சாம்பலும் மரத்துண்டுகளும் சேர்ந்து சேற்று வெள்ளமாய்ப் பாயும். 2017 ஜூலை 15 ஆம் திகதி பேசன் நகருக்கு அண்மையிலுள்ள ஓடையில் நீராடிக்கொண்டிருந்த ஒரே குடும்ப உறவினர் 10 பேர் இவ்வாறு பலியாயினர். அதற்கு முந்திய மாதமே மேற்புறத்துக் காடு எரிந்திருந்தது. எச்சரிக்கை வெளியிடப்பட்டிருந்தது, கைத்தொலைபேசிச் சமிக்ஞை சரிவர எட்டாத பள்ளத்தாக்கில் அவர்கள் இருந்தனர். 2025 ஜூலை 8 ஆம் திகதி நியூ மெக்சிகோவின் ருயிடோசோ நகரில், முந்திய ஆண்டு எரிந்த மலைகளிலிருந்து வந்த வெள்ளம் ஆற்றை 20 அடிக்கு மேல் உயர்த்தி இரு குழந்தைகள் உட்பட மூவரைக் கொன்றது. 2015 செப்டெம்பர் 14 ஆம் திகதி யூட்டாவில், ஒரே நாளில், ஹில்டேல் ஊரில் 13 பேரும் சையன் தேசியப் பூங்காவின் குறுகிய பள்ளத்தாக்கொன்றில் 7 பேரும் வெள்ளத்துக்கு இரையாயினர். அன்ரிலோப் பள்ளத்தாக்கிலோ 1997 இன் பின்னர் நிலையான ஏணிகளும் எச்சரிக்கை ஒலிகளும் அமைக்கப்பட்டன. மேற்புறத்தில் மழை என்றால், கீழே வெயில் எறித்தாலும் பயணிகள் வெளியேற்றப்படுகின்றனர்.

இவ்வளவிற்கும் பின்னர் அம்மக்கள் இம்மழையை வெறுக்கிறார்களா என்றால், இல்லை. சொனோரா பாலைவனத்தின் டொஹோனோ ஒஓதம் பழங்குடியினர் ஜூன், ஜூலையில் சகுவாரோ கள்ளியின் பழத்தைப் பறித்து, அதன் சாற்றைப் புளிக்கவைத்து, மழையை வேண்டிச் சடங்கியற்றுகின்றனர். அவர்களது புத்தாண்டும் அதுவே. 2023 இல் மழை வரத் தவறியபோது நேர்ந்ததை நோக்கினால் அந்த வேண்டுதலின் காரணம் புரியும். பீனிக்ஸில் ஜூன் 30 முதல் தொடர்ச்சியாக 31 நாட்கள் நாளாந்த உச்ச வெப்பநிலை 43 பாகை செல்சியசுக்குக் குறையவில்லை. அந்நகரை உள்ளடக்கிய மரிகோப்பா மாவட்டத்தில் அவ்வாண்டு வெப்பம் தொடர்பான மரணங்கள் 645. வெள்ளத்தினால் நேர்ந்த மரணங்கள் எல்லாவற்றையும் கூட்டினாலும் இதனருகே வாராது.

எமது நாட்டிலும் மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும், பருவப்பெயர்ச்சிகளுக்கு இடைப்பட்ட வேளையில், காலையில் வெயிலும் பிற்பகலில் இடியுமாக நாட்கள் கழிகின்றன. பாடசாலையில் மேற்காவுகை மழை என்று நாம் கற்றது இதனையே. பிற்பகல் இரண்டு மணிக்குப் பின்னர் சில இடங்களில் இடியுடன் கூடிய மழை பெய்யலாம் என்று எமது வளிமண்டலவியல் திணைக்களம் கூறும்போது, "இதைச் சொல்ல ஒரு திணைக்களம் வேண்டுமா?" என்று நகைப்பவர் உண்டு. எந்த இடங்கள் என்று கூறாதது அலுவலரின் சோம்பலால் அன்று. டூசனிலுள்ள வல்லுநருக்கும் அதிகாலையில் அதற்கு மேல் தெரியாது. வயலில் நிற்பவருக்கும் மைதானத்தில் விளையாடுபவருக்கும் அந்தப் பொதுவான வசனமே போதிய முன்னறிவித்தல். முதல் முழக்கம் கேட்டவுடன் கூரையின்கீழ் செல்வது அவர்கள் கையில்.

முன்னறிவிப்பின் தரம் இறுதியில் அவதானத்தின் தரத்தையே சார்ந்தது. ஈரவளி வரும் வழியான வடமேல் மெக்சிகோவில் பலூன் நிலையங்கள் அரிது. 2004 ஆம் ஆண்டுக் கோடையில் இரு நாட்டு ஆய்வாளர்களும் இணைந்து அங்கே விரிவான அவதானிப்பை நடத்தினர். அது ஒரு பருவத்துக்கான முயற்சி மட்டுமே. 2025 இன் தொடக்கத்தில் அமெரிக்க அரசாங்கத்தின் ஆட்குறைப்பைத் தொடர்ந்து, அந்நாட்டின் வேறு பகுதிகளிலுள்ள சில நிலையங்களில் பலூன் பறக்கவிடுவது நிறுத்தப்பட்டது அல்லது நாளொன்றுக்கு ஒரு தடவையாகக் குறைக்கப்பட்டது. சிக்கனம் என்று அதற்குப் பெயர் சொல்லப்பட்டது. பலூன் ஒன்றின் விலையைக் கணக்கிடுவது எளிது. மலைக்கு அப்பால் மழை பெய்வதை இரண்டு மணித்தியாலம் முந்தித் தெரிந்துகொள்வதன் பெறுமதி எந்த வரவுசெலவுத் திட்டத்திலும் எழுதப்படுவதில்லை.